செண்டாயில் ஓராண்டு: ஜப்பானில் பரிமாற்ற மாணவராகப் படிக்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருச்சியில் பொறியியல் மூன்றாம் ஆண்டு முடித்த கையோடு, பரிமாற்றத் திட்டத்தில் ஜப்பானின் செண்டாய் நகருக்குப் போனேன். ஒரு அக்டோபரில் போய் அடுத்த செப்டம்பரில் திரும்பினேன். அன்றிலிருந்து, கிளம்பத் தயாராகும் தம்பி தங்கைகள் ஒவ்வொருவராக அழைத்துக் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதி வைக்கிறேன். என் துறை பொறியியல். கலை, வணிகப் பாடங்களுக்குப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள் மாறும்.

டோக்கியோ கிடைத்தால் டோக்கியோதானே நல்லது? செண்டாயில் என்ன இருக்கிறது?

டோக்கியோவுக்கு வடக்கே சுமார் 350 கிலோமீட்டர். வேகமான ஷின்கான்சென் ரயிலில் ஒன்றரை மணி நேரம். பத்து லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரம், ஆனால் மூச்சு முட்டாது. நடுவே ஹிரோசே ஆறு ஓடுகிறது, மேற்கே ஆவோபா மலை. வாடகை டோக்கியோவைவிட நன்றாகவே குறைவு.

மாணவர்களுக்கு நெடுங்காலமாகப் பழகிய ஊர் இது. 1907இல் தொடங்கிய தொஹோகு பல்கலைக்கழகம் இங்கேதான் இருக்கிறது. 1913இல் மூன்று பெண்களை மாணவிகளாகச் சேர்த்து, ஜப்பானில் பெண்களுக்குக் கதவு திறந்த முதல் பல்கலைக்கழகம் அதுதான். சீன எழுத்தாளர் லூ ஷுன் 1904இல் மருத்துவம் படிக்க வந்ததும் இந்த ஊருக்குத்தான். அந்நிய நாட்டில் புரியாத மொழியில் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் மாணவன் என்ற வரிசையில் நாம் முதல் ஆள் இல்லை என்பது எனக்குப் பெரிய தெம்பாக இருந்தது.

ஏப்ரலில் போவதா, அக்டோபரில் போவதா?

ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. முதல் பருவம் ஆகஸ்ட் தொடக்கம் வரை, இரண்டாம் பருவம் அக்டோபரிலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை. ஏப்ரலில் போனால் புது மாணவர்கள் எல்லோரும் உங்களைப் போலவே வழி தெரியாமல் நிற்பார்கள். மாணவர் குழுக்கள் துண்டறிக்கையோடு ஆள் பிடித்துக்கொண்டிருக்கும். நண்பர்கள் சுலபமாகக் கிடைப்பார்கள். அக்டோபரில் போனால் எல்லாக் கூட்டமும் ஏற்கெனவே சேர்ந்து முடிந்திருக்கும். நாம்தான் உள்ளே நுழைய வேண்டும். போதாததற்கு, பழகி முடிப்பதற்குள் குளிர் வந்துவிடும்.

எப்போது போவது என்பது உங்கள் கையில் இருந்தால் ஏப்ரல். எனக்கு அந்த வாய்ப்பு இல்லை.

இறங்கியதும் செய்ய வேண்டியவை என்ன?

மூன்று மாதத்துக்கு மேல் தங்குகிறவர்களுக்குப் பெரிய விமான நிலையங்களில் இறங்கியதுமே வசிப்பு அட்டை கையில் கொடுத்துவிடுவார்கள். பகுதிநேர வேலை பார்க்கும் எண்ணம் இருந்தால் அதற்கான அனுமதியையும் அங்கேயே கேட்டு வாங்கிவிடுங்கள், பிறகு குடிவரவு அலுவலகத்துக்கு அலைய வேண்டாம். தங்குமிடம் முடிவானதும் 14 நாட்களுக்குள் குயாகுஷோ என்ற வட்டார அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதே இடத்தில் தேசிய மருத்துவக் காப்பீட்டிலும் சேர்ந்துவிடலாம். அதன்பின் மருத்துவமனைக்குப் போனால் செலவில் 30 சதவீதம்தான் நம்முடையது. வயது 20 ஆகியிருந்தால் ஓய்வூதியத் திட்டத்திலும் பெயர் சேரும். மாணவர்களுக்குக் கட்டணத்தைத் தள்ளிவைக்கும் சலுகை உண்டு, ஆனால் நாமே விண்ணப்பம் கொடுத்தால்தான். கொடுக்காமல் விட்டால் கட்டணச் சீட்டு வீடு தேடி வந்துகொண்டே இருக்கும்.

வகுப்பில் யாரும் பேசவே மாட்டார்களாமே?

உண்மை. முதல் வாரம் எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. ஒரு வகுப்பு 90 நிமிடம். காலை 8.50க்கு முதல் வகுப்பு என்றால் 8.50க்கு ஆசிரியர் பேச ஆரம்பித்துவிடுகிறார். “கேள்வி இருக்கிறதா?” என்கிறார். ஒரு கை தூக்கப்படவில்லை. சிலர் தூங்குகிறார்கள். ஆசிரியர் கண்டுகொள்ளாமல் பாடத்தைத் தொடர்கிறார். நம் ஊரில் என்றால் சாக்பீஸ் பறந்திருக்கும்.

இவர்களுக்குப் பாடத்தில் அக்கறையே இல்லை என்று நினைத்தேன். அந்த நினைப்பு இரண்டாம் வாரமே உடைந்தது. வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது கையகலத் தாள் ஒன்று தருவார்கள். அன்றைய பாடத்தில் என்ன புரிந்தது, எது புரியவில்லை, என்ன தோன்றுகிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அடுத்த வாரம் ஆசிரியர் வந்ததும் அந்தத் தாள்களிலிருந்து ஏழெட்டை, பெயர் சொல்லாமல், படித்துப் பதில் சொன்னார். எப்படிப்பட்ட கேள்விகள்! எனக்குத் தோன்றவே தோன்றாத கேள்விகள். பலகையில் போட்ட ஒரு சமன்பாட்டின் எல்லை நிபந்தனையையே ஒருவர் சந்தேகித்திருந்தார். ஆசிரியர் நின்று யோசித்து, “இவர் சொல்வதுதான் சரி” என்று பலகையில் திருத்தி எழுதினார். எழுதியவர் யார் என்று கடைசிவரை தெரியவில்லை.

கை தூக்கிக் கேட்பது அங்கே எல்லோருடைய நேரத்தையும் எடுத்துக்கொள்வதாகப் படுகிறது. எழுதிக் கேட்பதோ, வகுப்பு முடிந்து மேசைக்குப் போய்க் கேட்பதோ இயல்பு. நீங்கள் கை தூக்கினால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஆனால் அந்த அமைதியை வைத்து யாரையும் எடைபோட்டுவிடாதீர்கள்.

பாடங்கள் ஆங்கிலத்தில் இருக்குமா? மதிப்பெண்களை நம் கல்லூரி ஏற்குமா?

பரிமாற்ற மாணவர்களுக்கென்று ஆங்கிலத்தில் சில பாடங்கள் இருக்கும், பட்டியல் சிறியது. கிளம்பும் முன்பே பாடத்திட்டத்தை இறக்கி, உங்கள் துறைத் தலைவரிடம் எந்தப் பாடத்துக்கு எது ஈடு என்று கையெழுத்து வாங்கிவிடுங்கள். வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். நான் நம்பியதால் இரண்டு பாடங்களைத் திரும்பி வந்து மறுபடி எழுதினேன்.

ஆய்வறை, ஆய்வறை என்கிறார்களே, அது என்ன?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஜப்பானில் பொறியியல், அறிவியல் மாணவர்கள் நான்காம் ஆண்டில் ஒரு பேராசிரியரின் கென்க்யூஷிட்சுவில், அதாவது ஆய்வறையில், சேர்கிறார்கள். அதன்பின் அவர்களுக்குப் பல்கலைக்கழகம் என்றால் அந்த அறைதான். அங்கே ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு அலமாரித் தட்டு உங்களுடையது. பேராசிரியர், இணைப் பேராசிரியர், முனைவர் பட்ட மாணவர், முதுநிலை, இளநிலை என்று ஒரு கூட்டுக் குடும்பம் மாதிரி. மூத்தவர் சென்பாய், இளையவர் கோஹாய். கருவியை எப்படிக் கையாள்வது, அறிக்கை எப்படி எழுதுவது எல்லாம் சென்பாய்தான் சொல்லிக்கொடுப்பார். அடுத்த ஆண்டு நீங்கள் இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது எழுதாத ஒப்பந்தம்.

என் அறையின் கதவுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பலகை. மேலே கட்டங்கள்: அறையில், வகுப்பில், சாப்பாட்டில், வீட்டுக்கு. இடப்பக்கம் பெயர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வட்டக் காந்தம். வரும்போதும் போகும்போதும் அவரவர் காந்தத்தை நகர்த்துவார்கள். நான் போய்ச் சேர்ந்த அன்று காலையிலேயே என் பெயரை கடகானா என்ற ஜப்பானிய எழுத்தில் ஒட்டி, மஞ்சள் காந்தம் ஒன்று ‘வீட்டுக்கு’ கட்டத்தில் வைத்திருந்தார்கள். எப்படி நகர்த்துவது என்று ஒரு சென்பாய் காட்டினார். அவ்வளவுதான் வரவேற்பு. கைகுலுக்கலோ உரையோ இல்லை. ஏமாற்றமாக இருந்தது. அந்தக் காந்தம்தான் வரவேற்பு என்று புரிய எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

பகல் பன்னிரண்டு ஆனால் யாராவது எழுந்து “சாப்பிடப் போகலாமா?” என்பார்கள். எல்லோரும் கிளம்புவார்கள். நான் டப்பா கொண்டுவந்திருந்ததால் முதல் வாரம் முழுக்க “வேண்டாம், இருக்கிறது” என்று சொல்லிவிட்டுத் தனியாக மேசையில் சாப்பிட்டேன். அடுத்த வாரம் யாரும் கேட்கவில்லை. ஒதுக்குகிறார்கள் என்று நினைத்து இரவு அம்மாவிடம் போனில் அழுதேன். உண்மையில், நான் தனிமையை விரும்புகிறேன் என்று எண்ணி மரியாதையாக விட்டிருக்கிறார்கள். ஒருநாள் டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு நானும் எழுந்தேன். யாரும் ஒன்றும் சொல்லாமல் உணவகத்தில் ஒரு நாற்காலியைத் தள்ளிப் போட்டார்கள். அங்கே ஒருமுறை ‘வேண்டாம்’ என்றால் அதை அப்படியே எடுத்துக்கொள்வார்கள். நம் வீட்டில் போல மூன்று முறை உபசரிக்க மாட்டார்கள்.

இன்னொன்று: சொல்லாமல் வராமல் இருக்காதீர்கள். ஹோ-ரென்-சோ என்று ஒரு சொல் உண்டு. அறிவித்தல், தொடர்பில் இருத்தல், ஆலோசித்தல் என்ற மூன்று சொற்களின் முதல் பகுதிகளைச் சேர்த்தது. அப்படியே உச்சரித்தால் பசலைக்கீரை என்றும் பொருள். காய்ச்சலில் இரண்டு நாள் யாருக்கும் சொல்லாமல் விடுதியில் படுத்துக் கிடந்தேன். இரண்டாம் நாள் மாலை ஒரு சென்பாய், காய்ச்சலுக்குக் குடிக்கும் உப்புச்சத்துப் பானம் இரண்டு பாட்டிலோடு கீழே நின்றார். என் காந்தம் ஒரே இடத்தில் இருப்பதைக் கவனித்திருக்கிறார். “காய்ச்சல் வந்தது தப்பில்லை, தெரியாமல் இருந்ததுதான் கவலை” என்றார். அதற்குப்பின் பேருந்து தாமதமானால்கூடச் செய்தி அனுப்பிவிடுவேன்.

வேலை முடிந்து கிளம்பும்போது “ஒட்சுகாரேசமா தெஸ்” என்பார்கள். ‘களைத்திருப்பீர்கள்’ என்று ஒருவர் உழைப்பை இன்னொருவர் மதிப்பது. இரவு பத்து மணிக்கு அந்த வார்த்தை காதில் விழும்போது களைப்பு பாதி போய்விடும்.

ஜப்பானிய மொழி தெரியாமல் போகலாமா?

போகலாம், ஆனால் போவதற்கு முன் ஹிரகானா, கடகானா என்ற இரண்டு எழுத்து முறைகளையும் கற்றுக்கொண்டு போங்கள். இரண்டு வாரம் போதும். சீனத்திலிருந்து வந்த காஞ்சி எழுத்துகளோ ஆயுள் வேலை.

நமக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. வாக்கிய வரிசை தமிழ் மாதிரியேதான்: வினை கடைசியில், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால். ‘வதாஷி வா கக்கோ நி இகு’ என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் ‘நான் பள்ளிக்குப் போகிறேன்’ வந்துவிடும். ஐரோப்பிய மாணவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்ட இடங்களில் நான் தமிழில் யோசித்துவிட்டுச் சொல்லை மட்டும் மாற்றினேன். ‘தபெதே மிரு’ என்றால் சாப்பிட்டுப் பார்ப்பது; அவர்களும் ‘பார்’ என்றுதான் சொல்கிறார்கள். ‘இத்தே ஒகு’ என்பது நம் ‘சொல்லி வை’. ‘தபெதே இரு’ என்றால் சாப்பிட்டுக்கொண்டு இருப்பது, அந்த ‘இரு’ உட்பட! கொரே, சொரே, அரே, தொரே என்ற நான்கும் இது, உது, அது, எது. கேட்பவர் பக்கத்தில் இருப்பதைச் சுட்டும் ‘உது’ தமிழ்நாட்டில் வழக்கொழிந்தாலும் யாழ்ப்பாணத்தில் இன்றும் புழங்குகிறது. விடுதியில் இருந்த யாழ்ப்பாணத்து அக்கா ‘சொரே’வை ஒரே நாளில் பிடித்துவிட்டார், நான் ஒரு வாரம் தடுமாறினேன்.

இதையெல்லாம் வைத்து இரண்டு மொழிகளுக்கும் உறவு உண்டு என்று வாதிட்டவர் ஓனோ சுசுமு (1919–2008) என்ற ஜப்பானிய மொழியறிஞர். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. உறவு இருக்கிறதோ இல்லையோ, கற்கிறவருக்கு உதவி நிச்சயம்.

கஷ்டம் எங்கே என்றால் மரியாதைச் சொற்களில். நமக்கு ‘வா’, ‘வாங்க’ என்று இருப்பது போல அங்கே பல படிகள். சந்தேகமாக இருந்தால் ‘தெஸ்’, ‘மஸ்’ என்று முடியும் வடிவத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆசிரியரை ‘சென்செய்’, மற்றவர்களைக் குடும்பப் பெயரோடு ‘சான்’ சேர்த்து அழையுங்கள். உங்கள் பெயரோடு நீங்களே ‘சான்’ சேர்க்கக் கூடாது.

சைவம் சாப்பிடுகிறவர் பிழைக்க முடியுமா?

முடியும், ஆனால் சமைக்க வேண்டும். பிரச்சினை கறியில் இல்லை, குழம்பு நீரில். தஷி என்ற அடிப்படைச் சாறு பெரும்பாலும் உலர்த்திய மீனிலிருந்து எடுப்பது. மிசோ என்ற சோயா விழுதில் செய்யும் சூப், ஊடோன் என்ற கோதுமை நூடுல்ஸ், வேகவைத்த காய் என்று எல்லாவற்றிலும் அது இருக்கும். “இறைச்சி இருக்கிறதா?” என்று கேட்டால் “இல்லை” என்பார்கள், மீன்சாறு அவர்கள் கணக்கில் இறைச்சி ஆகாது. கொம்பு என்ற கடற்பாசிச் சாறு என்றால் நமக்குச் சரி.

அரிசி குட்டையாக, ஒட்டும் தன்மையோடு இருக்கும். சாம்பாருக்கு ஏற்றதில்லை. தயிர்சாதத்துக்கு அதை மிஞ்ச அரிசியே கிடையாது. குக்கரிலிருந்து எடுத்துக் கரண்டியால் இரண்டு அழுத்து அழுத்தினால் குழைந்துவிடும். கடைத் தயிர் புளிக்காமல் இருக்கும், ஒரு நாள் வெளியே வைத்தால் சரியாகும். தொட்டுக்கொள்ள உமெபோஷி என்ற உப்பிட்ட பழ ஊறுகாய். நம் நார்த்தங்காய்க்குத் தம்பி. வாங்கும்போது மீன் சீவல், தேன் சேராததாகப் பார்த்து வாங்குங்கள். பருப்பும் மிளகாய்த்தூளும் ஹலால் கடைகளில் கிடைக்கும். பெருங்காயம் மட்டும் ஊரிலிருந்து கொண்டுபோங்கள்.

இலையுதிர் காலத்தில் செண்டாயில் இமோனி விருந்து நடக்கும். ஹிரோசே ஆற்றங்கரையில் அடுப்பு மூட்டி, பெரிய பாத்திரத்தில் சேப்பங்கிழங்கு குழம்பு கொதிக்கவைத்துக் கூடி உண்பது. அந்தப் பருவத்தில் மூலைக் கடை வாசலில்கூட விறகுக் கட்டு விற்பார்கள். செண்டாய்க்காரர்கள் பன்றி இறைச்சியும் மிசோவும் போடுவார்கள். பக்கத்து யாமகதாக்காரர்கள் மாட்டிறைச்சியும் சோயா சாறும். எது உண்மையான இமோனி என்பதில் சண்டை தீராது. எங்கள் அறையும் அக்டோபர் கடைசியில் போனது. நான் சும்மா உட்கார்ந்திருக்கலாம் என்றுதான் போனேன். பெரிய பாத்திரத்துக்குப் பக்கத்தில் இரண்டு கல்லை வைத்து ஒரு சின்னப் பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது. சேப்பங்கிழங்கு, கேரட், காளான், கொன்யாகு என்ற கிழங்குமாவுக் கட்டி, மிசோ. சாறு கொம்புவில் எடுத்தது. கரண்டிகூடத் தனி. நான் யாரிடமும் கேட்கவில்லை. மூன்று வாரமாக என் டப்பாவைப் பார்த்தே தெரிந்துகொண்டிருக்கிறார்கள். சேப்பங்கிழங்கு நம் வீட்டுச் சேப்பங்கிழங்கின் அதே வழுவழுப்பு. அன்றைக்கு இரவு அம்மாவுக்குப் போன் செய்து சிரித்தேன்.

மாதம் எவ்வளவு செலவாகும்? வேலை பார்க்கலாமா?

மாணவர் விடுதி கிடைத்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. தனி வீடு என்றால் முன்பணம், வீட்டுக்காரருக்கு ‘நன்றிப் பணம்’, உத்தரவாதக் கட்டணம் என்று தொடக்கத்திலேயே சில மாத வாடகை போய்விடும். ஜாஸ்ஸோ என்ற ஜப்பானிய மாணவர் சேவை அமைப்பின் உதவித்தொகை கிடைக்கும் பரிமாற்ற மாணவர்களுக்கு மாதம் 80,000 யென். விடுதியில் இருந்து, சமைத்துச் சாப்பிட்டால் செண்டாயில் அதற்குள் ஓட்டலாம், நான் ஓட்டினேன். வேலை அனுமதி வாரம் 28 மணி நேரம், நீண்ட விடுமுறைகளில் நாளுக்கு 8 மணி நேரம். அதைத் தாண்டாதீர்கள், விசாவுக்கே சிக்கல் வரும்.

மது விருந்துக்குக் கூப்பிட்டால்?

போங்கள். 20 வயதுக்குக் குறைந்தவர்களுக்குச் சட்டப்படி மது கிடையாது, குடிக்காதவர்களும் நிறையப் பேர் வருவார்கள். ஊலாங் தேநீர் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எல்லோரும் கோப்பையை உயர்த்தி ‘கம்பாய்’ (சியர்ஸ்) சொல்லும்வரை குடிக்கத் தொடங்கக் கூடாது. செலவைத் தலைக்கு இவ்வளவு என்று பிரிப்பார்கள், பல இடங்களில் மூத்தவர்கள் கொஞ்சம் கூடுதலாகப் போடுவார்கள். பகலில் ஒரு வார்த்தை பேசாத பேராசிரியர் அங்கேதான் தன் மாணவப் பருவத்தைப் பற்றிப் பேசினார்.

நிலநடுக்கம் பயமாக இருக்காதா?

இருக்கும். எனக்கு மூன்றாம் வாரம். நள்ளிரவில் விடுதியில் இருந்த எல்லோருடைய போனும் ஒரே நேரத்தில் அலறி, ‘ஜிஷின் தெஸ்’ என்றது. நிலநடுக்கம் என்று பொருள். சில விநாடி கழித்துத்தான் கட்டடம் ஆடியது. மேசைக்கு அடியில் போய் அதன் காலைப் பிடித்துக்கொண்டேன். நின்றதும் பக்கத்து அறைப் பெண் கதவைத் தட்டி, “தைஜோபு?” (ஒன்றும் ஆகவில்லையே?) என்று கேட்டுவிட்டுப் போய்த் தூங்கிவிட்டாள். அங்கே அதிர்வை 0 முதல் 7 வரை ‘ஷிந்தோ’ என்று அளக்கிறார்கள். நாம் நிற்கும் இடத்தில் உணரும் ஆட்டத்தின் அளவு அது. 5, 6 இரண்டும் இரண்டிரண்டாகப் பிரிவதால் மொத்தம் பத்துப் படிகள். அன்றைக்கு 3.

2011 மார்ச் 11இன் சுனாமி தாக்கிய கடற்கரை இந்த நகரத்தைச் சேர்ந்ததுதான். கடலிலிருந்து சுமார் 700 மீட்டரில் இருக்கும் அரஹாமா தொடக்கப்பள்ளியை அப்படியே பாதுகாத்து 2017இலிருந்து மக்களுக்குத் திறந்துவைத்திருக்கிறார்கள். தண்ணீர் தரைத்தளத்துக்கு அடுத்த மேல்தளம் வரை ஏறியது. மேலே ஏறிய குழந்தைகள், ஆசிரியர்கள், ஊர்மக்கள் என 320 பேர் உயிர் தப்பினார்கள். 2004 டிசம்பரில் வேளாங்கண்ணிக்குப் போன உறவினரை இழந்த குடும்பம் எங்களுடையது. வளைந்து கிடந்த பால்கனி இரும்புக் கம்பியைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றேன். கட்டாயம் போய்ப் பாருங்கள். சுரங்க ரயிலில் அராய் நிலையம், அங்கிருந்து பேருந்து.

குப்பையைப் பிரிப்பது அவ்வளவு கஷ்டமா?

முதல் மாதம் மட்டும். செண்டாயில் வீட்டுக் குப்பைக்குப் பச்சைப் பை, பிளாஸ்டிக்குக்குச் சிவப்புப் பை. இரண்டையும் கடையில் காசு கொடுத்து வாங்க வேண்டும். எந்தக் கிழமை எந்தப் பை என்ற அட்டவணையைக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவையுங்கள். பாட்டிலின் மூடியையும் மேலுறையையும் கழற்றி, கழுவித்தான் போட வேண்டும்.

சைக்கிள் வாங்கலாமா? திரும்பும்போது என்ன செய்வது?

வாங்கலாம், மலையேற்றம் மட்டும் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருக்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை பாதை உறைந்து வழுக்கும் நாட்களில் எடுக்காதீர்கள். திருட்டுத் தடுப்புப் பதிவு கட்டாயம். கடைக்காரரே செய்து ஸ்டிக்கர் ஒட்டித் தருவார். ஊர் திரும்பும் முன் வட்டார அலுவலகத்தில் வெளியேறும் தகவல் கொடுத்து, காப்பீட்டை முடித்து, வங்கிக் கணக்கையும் மூடிவிடுங்கள். சைக்கிளை யாருக்காவது கொடுப்பதானால் பழைய பதிவை நீக்கி, கொடுத்ததற்கு ஒரு தாளும் எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் இரவில் போலீஸ்காரர் நிறுத்தி எண்ணைச் சரிபார்க்கும்போது, வாங்கியவர் பதில் சொல்ல முடியாமல் தெருவில் நிற்க வேண்டியிருக்கும்.